சுவிட்ச் காவலர்

வாடகை வீட்டில் மட்டுமே விளையும் ஓர் உயிரினம் உண்டு. பெயர், சுவிட்ச் காவலர். ஒரு கை எப்போதும் சுவரில், வாயில் ஒரே மந்திரம்: "அங்க யாரு இருக்கா? எதுக்கு லைட்டு?" பார்த்திருப்பீர்கள்.

நம் காவலர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றுமுன் மீட்டரைப் பார்ப்பார். டிவிக்குப் பின்னால் கைவிட்டு அந்தச் சிவப்புப் பொட்டை அணைப்பார். ஃபிரிட்ஜைத் திறந்தபடி நிற்கும் மனைவியிடம், "யோசிக்கிறத மூடிட்டு யோசி" என்பார். கடைசியாக, ஜன்னல் இல்லாத அறையில் முதுகெல்லாம் வேர்க்குருவோடு பாடம் எழுதும் மகளின் மின்விசிறியை நிறுத்தி, "வெளிய காத்தாட உக்காரு கண்ணு" என்பார். வெளியே காற்று ஏது? அதையும் இவரே நிறுத்தியிருக்கலாம்.

அப்படியும் பில் ஏறிக்கொண்டே போனது. ஒரு ஞாயிறு மத்தியானம் மகள் வீட்டிலிருந்த சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு அவரை மீட்டர் முன்னால் நிறுத்தினாள். மீட்டர் நின்றபாடில்லை. மெயினையே இறக்கினார். நின்றது. உடனே மாடியிலிருந்து வீட்டுக்காரர் குரல்: "யாருப்பா மோட்டார நிறுத்துனது? தண்ணி வரல!"

புரிந்துவிட்டது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், இத்தனை வருஷமும் இவர் மீட்டரில் ஓடியிருக்கிறது. ஊரார் எழுத்தில் ஒற்றுப்பிழையைக்கூட விடாத மனிதர்!

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறினார். ஐந்து நிமிஷத்தில் இறங்கினார். கைலி கணுக்கால் வரை இறங்கியிருந்தது.

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கேட்டேன்."

"என்னன்னு?"

"தொட்டி ரொம்பிடுச்சான்னு."

வீட்டில் புலி, மாடியில் எலி. "காலி பண்ணுன்னுட்டா எங்கடி போறது?" என்று முனகியபடி மெயினை ஏற்றினார். பயம்தான், பாவம். மோட்டார் உறுமியது. மகள் தன் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். பழக்கதோஷம், கை அந்தச் சுவிட்சுக்குப் போனது.

"அப்பா, அணைக்க வேண்டிய சுவிட்ச் இங்க இல்ல. மேல இருக்கு" என்றாள் மகள், நோட்டிலிருந்து தலை நிமிராமலே.

இவ்வளவும் எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த வேர்க்குரு முதுகுக்குத் தினமும் பவுடர் போடுகிறவன் நான்தான். மறுபடி மாடிப்படி வரை போய்விட்டேன். முதல் படியில் நின்று இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்களும் நடுவில் ஒருதரம் எழுந்துபோய்ப் பக்கத்து அறை விளக்கை அணைத்துவிட்டு வந்துதானே மீதியைப் படித்தீர்கள்?