என் சக்களத்தி பச்சடிக் கம்பவுண்டர்

என் கல்யாண வாழ்க்கையில் எனக்கு ஒரே ஒரு சக்களத்திதான் வாய்த்தாள். அவளுக்கு ஐம்பது வயது, வழுக்கைத் தலை, முறுக்கிவிட்ட மீசை, ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் உத்தியோகம். ஆமாம், ஆண்பிள்ளைதான். பெயர் என்னவோ இருந்தது. திருச்சுழியில் பச்சடிக் கம்பவுண்டர் என்றால்தான் தெரியும். அடுப்பை அவ்வளவு மட்டமாகப் பேசிய மனிதர் இந்தக் கரிசல்காட்டில் அவருக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.

யுத்த காலம் அது. அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு வரிசை. என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நான் அருப்புக்கோட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் கோழிக்குழம்புக்கு எங்கள் பக்கம் பெரிய பெயர். மாப்பிள்ளை ஒரே வாரத்தில் சொக்கிப்போவார் என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். இந்த மனிதரோ எதைப் போட்டாலும் குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். "நல்லா இருக்கா?" என்று கேட்டால், "அதான் தின்னுட்டேன்ல" என்பார். அந்த வாயிலிருந்து ஒரே ஒரு 'நல்லாருக்கு' வாங்கிவிட வேண்டும். எனக்கு அப்போது வேறு ஆசையே கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் கம்பவுண்டர் எங்கள் பின்வீட்டுக்குக் குடிவந்தார். வந்த நாள் முதல் அவர் வீட்டுக் கூரையில் புகையே எழவில்லை. எங்கள் பக்கத்தில் அடுப்பு எரியாத வீடு என்றால் இழவு வீடு. சொந்தபந்தமோ அண்டை அயலோதான் சோறு கொண்டுபோக வேண்டும். பக்கத்து வீட்டுப் பரளச்சி மதினிக்கு மனசு கேட்கவில்லை. "ஒத்த ஆம்பள, யாரப் பறிகொடுத்தாரோ, அன்னம் தண்ணியில்லாமக் கெடக்காரு" என்று சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு தெருப் பெண்களையும் திரட்டிவிட்டாள். நானும் குழம்புச் சட்டியோடு போனேன். மதினி அவர் வாசலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி ஒப்பாரியை எடுத்தாள் பாருங்கள், கதவு திறந்தது. கம்பவுண்டர் கையில் பாதி கடித்த வெள்ளரிக்காயோடு நின்றார்.

"யாரு செத்தா?" என்றார்.

"அதக் கேக்கத்தான் நாங்களும் வந்தோம்" என்றாள் மதினி.

விஷயம் தெரிந்ததும் மனிதர் சிரிக்கவாவது செய்தாரா? பிரசங்கம் செய்தார். "தீயில வச்சா சத்தெல்லாம் செத்துரும் தாயி. நீங்க திங்கிறது சோறில்ல, சாம்பலு!" சொல்லிவிட்டு, கொண்டுபோன சோற்றையும் குழம்பையும் தொடாமல், ஒரு மண்சட்டியில் பச்சடி போட்டு எங்கள் கையிலேயே கொடுத்து அனுப்பினார். என் குழம்பைத் திருப்பி அனுப்பிய முதல் மனிதர் அவர்தான். வயிறு எரிந்தது.

அந்தப் பச்சடியில் என்ன பெரிய வித்தை இருந்தது? வெள்ளரிப்பிஞ்சைப் பொடியாக அரிந்து, ஊறவைத்த பாசிப்பயறு, சின்ன வெங்காயம், மாங்காய், தேங்காய்ப்பூ, மல்லித்தழை எல்லாம் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒன்றிரண்டாக இடித்த நிலக்கடலையைத் தூவியிருந்தார். அவ்வளவுதான். ஆடுகூட அதையெல்லாம் தனித்தனியாகத் தின்னும். என் வீட்டுக்காரர் ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார். நிமிர்ந்தார்!

"அடடா! பிரமாதமா இருக்கே! யாரு செஞ்சது?"

கல்யாணமான நாளாக நான் தவம் கிடந்த வார்த்தை, ஒரு மீசைக்கார மனிதரின் வெள்ளரிக்காய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அதையும் இவர் கவனிக்கவில்லை.

அப்புறம் ஊரே அவர் பின்னால் போனது. விறகும் மண்ணெண்ணெயும் மிச்சமாகிறது என்றால் யாருக்குக் கசக்கும்? ஆஸ்பத்திரிக்குப் போனால், "காய்ச்சலா? காலையில மிக்சர் மருந்து, ராத்திரி மிக்சர் மருந்து, நடுவுல ஒரு வெள்ளரிக்கா" என்பார். கல்யாணப் பந்தியில் துண்டில் முடிந்துவந்த முள்ளங்கியை எடுத்துக் கடித்துக்கொண்டு, பக்கத்து இலைக் கறியைப் பார்த்து "பொணம்" என்பார். பக்கத்து இலைக்காரர் பாதியில் எழுந்துவிடுவார். இவ்வளவு செய்தும் ஒருவர்கூட அவரைக் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொறாமையா என்று கேட்டால், பொறாமைதான். சரி, நாமும் செய்து பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். காலையிலேயே வெள்ளரிக்காயை அரிந்து உப்புப் போட்டு வைத்தேன். மத்தியானம் சட்டி நிறையத் தண்ணீர். "இதக் குடிக்கணுமா, திங்கணுமா?" என்றார் இவர். அடுத்த தடவை பயறு சீக்கிரம் முளைவிடட்டும் என்று ஈரத்துணியில் கட்டி அடுப்பு ஓரம் வைத்தேன். "வீட்டுக்குள்ள எலி செத்துக் கெடக்கா?" என்றார். அதற்கடுத்த தடவை, தாளிக்காமல் எதையும் இறக்கிப் பழகாத கை, எண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் போட்டு, வெள்ளரிக்காயையும் போட்டு வதக்கிவிட்டது. இவர் அதை ஓர் ஓரமாக ஒதுக்கினார். "கம்பவுண்டரு இதுக்கு அடுப்பே பத்த வைக்கலையே" என்றார். கரண்டியை எங்கே வீசினேன் என்று எழுத மாட்டேன்.

அந்த வருஷம் எங்கள் வேதக்கோவிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்த கம்பு, மல்லி, மிளகாய் எல்லாவற்றையும் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுவார்கள். சமைத்துக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. இதுதான் சமயம் என்று நான் நாட்டுக்கோழி அடித்து, அம்மியில் அரைத்துக் குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். ஊர் முன்னால் என் வீட்டுக்காரர் என் குழம்பை ஏலம் கேட்டாக வேண்டும். கேட்டால் ஜெயித்தேன், கேட்காவிட்டால் அவ்வளவுதான். மேஜையைப் பார்த்தால் என் குழம்புச் சட்டிக்குப் பக்கத்திலேயே கம்பவுண்டரின் பச்சடி உட்கார்ந்திருக்கிறது!

ஏலம் விட்ட கோவில் உபதேசியார் பச்சடியைத் தூக்கிக் காட்டி வாயைத் திறப்பதற்குள், "எனக்கு!" என்று முதல் குரல். என் வீட்டுக்காரர். சம்பளத்தில் பாதியை வெள்ளரிக்காயில் போட்டுவிட்டு இளித்துக்கொண்டு நின்றார். அடுத்து என் குழம்பு. இவர் வாயைத் திறக்கவில்லை. என் காது இரண்டும் சுட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் விடாமல் ஏற்றிக்கொண்டே போனது. திரும்பிப் பார்த்தால் கம்பவுண்டர்!

"கொழம்பு ஒங்களுக்கா?" என்று உபதேசியாரே வாயைப் பிளந்தார்.

"ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு" என்றார் கம்பவுண்டர், மீசையைத் தடவிக்கொண்டு.

நானா நம்புவேன்? என் குழம்பை நடுத்தெருவில் கொட்டி, "பாத்தீகளா சாம்பல!" என்று பிரசங்கம் பண்ணத்தான் வாங்கிப் போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. கொட்டுவதற்குள் சட்டியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று பின்வாசல் வழியாக அவர் வீட்டுக்குள் நுழைந்தேன்.

தரையில் சம்மணம் போட்டு, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கம்பவுண்டர் கோழிக்காலை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வழுக்கை முழுக்க வியர்வை. மூக்கு ஒழுகுகிறது. மீசையில் மசாலா.

"கம்பவுண்டரையா!"

அவருக்குப் புரையேறிவிட்டது. "வாங்க... இல்ல, போங்க... இல்ல, மொதல்ல அந்தக் கதவச் சாத்துங்க வாத்தியாரம்மா!"

"நோயாளிகளுக்குன்னு சொன்னீக?"

"நானும் ஆஸ்பத்திரியிலதான இருக்கேன்."

"அப்ப ஒங்க கொள்கை?"

"கொள்கையாவது, மண்ணாவது! எனக்குச் சமைக்கத் தெரியாது தாயி. ஒல வச்சாப் பொங்கி அடுப்ப அணைச்சிரும். கொழம்பு வச்சாக் கரிஞ்சு போகும். பட்டினி கெடந்தா ஊரு சிரிக்கும். பச்சையாத் தின்னா ஊரு மெச்சுது. அப்படியே விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "சரி, எப்பிடி இருக்கு?"

அவர் விரலை நக்குவதை நிறுத்தினார். "இந்தக் கை நல்லா இருக்கணும் தாயி. எங்க ஆத்தா போனதுக்கப்புறம் இப்பிடி ஒரு ருசிய இந்த நாக்கு பாக்கல."

அழுதுவிட்டேன். மனிதர் பதறிப்போய், "காரமா?" என்றார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். "வெளியில மட்டும் சொல்லிராதீக."

பாருங்கள் என் தலையெழுத்தை! கிடைக்காமல் கிடைத்த பாராட்டு, அதையும் ஒருத்தரிடம் சொல்லக் கூடாது. அன்று ராத்திரி இவர் ஏலம் எடுத்த பச்சடியை வழித்துத் தின்றுவிட்டு, "கம்பவுண்டர் கைப்பக்குவமே தனி" என்று உருகினார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பின்சுவர் மேல் ஒரு தூக்குச்சட்டி போகும், பச்சடி திரும்பி வரும். இலையில் வைக்கும்போதுதான் உப்புப் போட வேண்டும் என்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவரே சொல்லிக்கொடுத்தார். அப்படியே செய்து வைத்தேன். இவர் தின்று பார்த்துவிட்டு, "பரவாயில்ல. ஆனா கம்பவுண்டரு பச்சடி மாதிரி வராது" என்றார். பொறாமை மறுபடியும் பற்றிக்கொண்டது.

யுத்தம் முடிந்த பிறகு கம்பவுண்டருக்கு மாற்றல் வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அடுப்பை மூட்டாதீர்கள் என்று ஊருக்கே உபதேசம் பண்ணினார். என்னைப் பார்த்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. "வாரேன் தாயி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு இம்புட்டுக் கொழம்பு?" என்றார். "அளவு தெரியாம வச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.