தூண்டில் ராட்டைக்கு எந்த எண்ணெய்?

எண்ணெய் விசாரக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கில் இவர்களுக்குத் தனிக் கட்டம் போடவில்லையே தவிர, தெருவுக்கு ஒருவர் தப்பாமல் இருக்கிறார். இவரிடம் சைக்கிள் இருக்கும். ஏறிப் போக மாட்டார், தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு எத்தனை நேரம் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். கடிகாரம் இருக்கும், மணி பார்க்க மாட்டார், காதில் வைத்துக் கேட்பார். ஒரு பொருள் எதற்காக உண்டாயிற்று என்பதெல்லாம் இவருக்கு இரண்டாம் பட்சம். அதற்கு எந்த எண்ணெய்? அதுதான் கேள்வி.

மண்டபத்தில் உப்பு ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த பூமிநாதனை எடுத்துக்கொள்வோம். சுதந்திரம் வந்த வருஷம், ஊரைவிட்டுக் கிளம்பிய துரை ஒருவரின் சாமான்களை ஏலம் போட்டபோது, மற்றவர்கள் மேஜை, நாற்காலி, கண்ணாடி பீரோ என்று புத்தியாக எடுத்தார்கள். இவர் ஒரு தூண்டில் கழியையும் அதில் மாட்டுகிற ரீலையும் எடுத்தார். உள்ளங்கை அகலப் பித்தளைச் சக்கரம், பக்கத்தில் ஒரு கைப்பிடி. சுற்றினால் நூல் உள்ளே வரும், விட்டால் வெளியே போகும். வத்தை என்கிற சிறு படகில் போய் வலை போடுகிற சிலுவைமுத்து அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், கதர்க் கடையில வாங்குனீகளா? நூலு நூக்கப் போறீகளோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்கு ராட்டை என்றே பெயர்.

ஆறு வருஷத்தில் அந்த ராட்டை மூன்று தடவை நனைந்தது. இரண்டு தடவை மழையில்.

ஆனால் எண்ணெய் குடித்தது எத்தனை தடவை என்று கேளுங்கள்! ஆபீஸ் விட்டு வந்ததும் பூமிநாதன் சட்டையைக் கழற்றுவார், பிறகு ராட்டையைக் கழற்றுவார். பழைய தினசரியை விரித்து, திருகு, வில், பல்சக்கரம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, மண்ணெண்ணெயில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, கிழிந்த வேட்டித் துணியால் துடைத்து, கோழி இறகின் நுனியில் ஒரு துளி எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பார். "உப்புக் காத்து!" என்பார், கடலைப் பார்த்துப் பல்லைக் கடித்தபடி. உப்பினால் சம்பளம் வாங்குகிறவர் உப்பை இப்படித் திட்டி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

"குடிக்கிற தண்ணிக்கு நான் ரெண்டு மைலு நடக்குறேன்," என்பாள் அவர் மனைவி பூமயில். "இங்கன ஒரு பித்தளைக்குக் குளிப்பாட்டு நடக்குது."

முதலில் தேங்காய் எண்ணெய். இரண்டே நாளில் எறும்புகள் சாரை சாரையாக வந்து கைப்பிடியில் குடியேறின. அடுத்து நல்லெண்ணெய், ஒரு வாரத்தில் கோந்தாக இறுகி, ராட்டையைச் சுற்ற இரண்டு பேர் வேண்டியதாயிற்று. "வத்தைப் பலகைக்கு நாங்க சுறா எண்ணெதான் சார் பூசுறது. பத்து வருசம் தாங்கும்," என்று சிலுவைமுத்து ஒரு சிரட்டை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். பலகை தாங்கும், பூமயில் தாங்குவாளா? மூன்று தெருப் பூனைகளும் வாசலில் கூடி ஒரே குரலில் கோரிக்கை வைத்தபோது, ராட்டை ஒரு வாரம் வேப்பமரத்தில் தொங்கியது. ரயில் பாலத்து வேலைக்காரர்களிடம் வாங்கிய கிரீஸோ, ரயிலுக்கு ஆகும், ராட்டைக்கு ஆகவில்லை. கடைசியில் தையற்கடை ஹாஜா முகைதீன், "இதப் போட்டுப் பாருங்க. என் மிஷினு மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்காது," என்று நீள மூக்கு டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்.

தேடல் முடிந்தது. உள்ளே தையல் மிஷின் எண்ணெய். வெளியே, காற்றுக்குக் காப்பாக, வாசலின். பூமிநாதன் ராட்டையைச் சுழற்றிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். குடித்துவிட்டு வந்தபோதும் அது சுற்றிக்கொண்டிருந்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

வினை எங்கே வந்தது என்றால், மாமனார் ஊரில் வந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் வெள்ளாமை பார்க்கிற சம்சாரியான கூத்தையா, சொந்தபந்தம் அத்தனையும் பந்தியில் இருக்கும்போது வாயைத் திறந்தார்.

"எம் மருமகன் ஆறு வருசமா ராட்டைக்கு எண்ணெ ஊத்துறாரு. கடக்கரையில உத்தியோகம். மீனுதான் எங்க வீட்டு எலைக்கு வந்து சேரல."

பந்தி சிரித்தது. பூமிநாதனுக்குச் சுருக்கென்றது. "அடுத்த மாசம் வாங்க மாமா. ராட்டையில பிடிச்ச மீனை உங்க எலையில வைக்கிறேன். வைக்கலேன்னா ராட்டையே உங்களுக்கு."

"அப்பிடிப் போடுங்க. எங் கம்மங்கொல்லையில கட்டித் தொங்க விடுறேன். நல்லாப் பளபளங்குது, குருவி அண்டாது."

குருவி விரட்டவா! பூமிநாதன் பாதிச் சோற்றில் இலையை மடித்தார்.

குறித்த புதன்கிழமை காலை ரயிலில் கூத்தையா வந்து இறங்கினார். பூமயில் மசாலை அரைத்து, புளி கரைத்து, அடுப்பில் சட்டி வைத்துவிட்டாள். பூமிநாதன் லீவு போட்டுவிட்டு, முந்தின சாயங்காலமே ராட்டையைக் கடைசித் திருகு வரை கழற்றி எண்ணெய் இட்டிருந்தார். அதற்குள்ளே ஒரு தோல் வளையம் உண்டு. மீன் இழுக்கும்போது சக்கரம் கண்டபடி ஓடாமல், உரசிப் பிடித்து நிறுத்துவதற்காகச் செய்தவன் வைத்தது. அது வறண்டு கிடந்ததைப் பார்க்கப் பூமிநாதனுக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு துளி விட்டார். குடித்துவிட்டது. இன்னொரு துளி. ஏழாவது துளியில்தான் தோல் பளபளத்தது. இவருக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

சிலுவைமுத்துவின் வத்தை கரையைவிட்டு அரை மைல் போயிற்று. சாளை மீனைத் தூண்டில் முள்ளில் கோத்து நூலை விட்டார்கள். கால் மணி ஆகியிருக்காது, கழி வில்லாக வளைந்தது.

"பாறை மீனு சார்! பெரும் பாறை! விட்றாதீக!"

பூமிநாதன் விடவில்லை. ராட்டைதான் விட்டது. நூல் போயிற்று. ஐம்பது கஜம் போயிற்று, நூறு கஜம் போயிற்று. கரகரப்பு இல்லை, முனகல் இல்லை, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஒரு ஓட்டம்.

"நிப்பாட்டுங்க சார்! கையை வச்சு அமுக்குங்க!"

கட்டைவிரலை வைத்து அமுக்கினார். வாசலின் தன் கடமையைச் செய்தது; விரல் வழுக்கி, மணிக்கட்டுதான் சக்கரத்தில் இடித்தது. இருநூறு கஜமும் தீர்ந்து, அடியில் போட்டிருந்த முடிச்சு பட்டென்று தெறித்து, பாறை மீன் இலங்கைப் பக்கமாகப் போய்விட்டது. நூலில்லாத ராட்டை மட்டும் வெயிலில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

சிலுவைமுத்து தலையில் கை வைத்தார். பூமிநாதன் மெல்லக் கேட்டார்:

"சிலுவை... பாத்தீகளா? ஒரு சத்தம் வந்துச்சா?"

"சத்தத்தைக் கொழம்பு வைக்கவா சார்?" என்றார் சிலுவைமுத்து. பிறகு பாவமாக இருந்ததோ என்னவோ, பறிக்கூடையிலிருந்து இரண்டு விளமீனை எடுத்து நீட்டினார். "விடியக்காலம் வலையில பட்டது. கொண்டு போங்க. ராட்டையில வந்துச்சுன்னு சொல்லிருங்க. மீனு வாயத் தொறக்கவா போகுது?"

பூமிநாதன் மீனைப் பார்த்தார், ராட்டையைப் பார்த்தார். கம்மங்கொல்லையும் குருவிகளும் கண்ணில் நிழலாடின. வாங்கிக்கொண்டால் ராட்டை தப்பும். ஆனால், இந்த ராட்டையில் விளமீன் வந்தது என்று சொல்லிவிட்டால், இருநூறு கஜம் ஓடியதே ஒரு ஓட்டம், அதை அப்புறம் யாரிடம் சொல்வது?

"வேண்டாம் சிலுவை," என்றார். அரிச்சந்திரனுக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். இவருக்கு இதுதான் காரணம்.

வீட்டில் இலை போட்டு, கூத்தையா முன்னால் உட்கார்ந்திருந்தார். பூமிநாதன் நடந்ததை எல்லாம் சொன்னார். மீன் போன இடத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, நூல் போன விதத்தைக் கால் மணி நேரம் சொன்னார். கேட்டு முடித்த கூத்தையா, பேச்சுக்கு இடம் வைக்காமல் கையை நீட்டினார்.

"கொண்டாங்க."

ராட்டை கை மாறியது. கூத்தையா அதைப் புரட்டிப் பார்த்தார். கைப்பிடியை விரலால் சுண்டினார். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் புருவம் ஏறியது. காதருகே கொண்டுபோனார். அடுப்படியில் குழம்புச் சட்டி காய்கிற சத்தம் கேட்டதே ஒழிய, ராட்டையின் சத்தம் கேட்கவில்லை.

"என்னா எண்ணெ?"

"தையல் மிஷின் எண்ணெ, மாமா."

"வெளிய?"

"வாசலின்."

கூத்தையா விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வண்டி மை போட்டுப் பாத்தீகளா?" என்றார்.

"அது எப்பிடி மாமா?"

"வைக்கோலைக் கரிச்சு, வெளக்கெண்ணெயில கொழச்சு, அச்சுல போடுவோம். எங் கூண்டு வண்டி மதுரைக்குப் போய்த் திரும்புனாலும் கீச்சுங்காது."

"வெளக்கெண்ணெ கெட்டியா நின்னு போகுமே மாமா. உப்புக் காத்து வேற."

"அதெப்பிடி நிக்கும்? கழத்துங்க, பாப்போம்."

கழற்றினார்கள். தினசரி தேட யாருக்குப் பொறுமை? விரித்த வாழையிலை முன்னாலேயே கிடந்தது. திருகு ஒரு மூலையில், வில் ஒரு மூலையில், பல்சக்கரம் நடுவில், தோல் வளையம் உப்பு வைக்கிற இடத்தில். மீன் வராததால் அவசரமாகக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்த பூமயில், சட்டியோடு வந்து நின்றாள். மாமனும் மருமகனும் நிமிரவில்லை.

"சக்கரத்து மேல ஊத்தவா, ஓரமா ஊத்தவா?" என்று கேட்டாள்.

"ஏத்தா, வெளக்கெண்ணெ இருக்கா?" என்றார் அவள் தகப்பனார்.

"அப்ப கம்மங்கொல்லை?" என்றாள் பூமயில்.

"கம்மங்கொல்லையா? குருவி வந்தா வந்துட்டுப் போகுது. நாலு மணியைத் தின்னா கொறஞ்சா போவோம்?"

இப்படியும் இருப்பார்களா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு சின்னக் கேள்வி. பூமிநாதன் தேங்காய் எண்ணெய் போட்ட இடத்திலோ, தோலுக்கு ஏழு துளி விட்ட இடத்திலோ, "அட பைத்தியக்காரா, இதைப் போட்டிருக்கலாமே!" என்று ஏதாவது ஒரு எண்ணெயின் பெயர் உங்கள் நாக்கு நுனிவரை வந்ததா?

வந்ததென்றால் தயவுசெய்து எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். ஏற்கனவே பதினொரு கடிதம் வந்திருக்கிறது.