நான் பின் பிரேக்காக இருந்த காலம்

காரை ஓட்டுவதற்கென்று பிறந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நிறுத்துவதற்கென்றே பிறந்தவர் என்று நான் கண்டது, ஹட்டன் ஸ்டேஷன் வாசலில் ஹயரிங் கார் வைத்திருந்த நிப்பாட்டி அண்ணன் ஒருவரைத்தான். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். ஆனால் அவருடைய காரில் டிக்கோயா வரை போய் இறங்கிய எவருக்கும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற தெம்பு மிஞ்சியதில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் பத்திரிகை ஏஜன்ட். கொழும்பு மெயிலில் வருகிற பேப்பர்க் கட்டுகளை இறக்கி, டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொண்டுபோய்ப் போடவேண்டும். விடியற்காலைப் பனியில் எந்தக் கார்க்காரரும் எழும்பமாட்டேன் என்றார்கள். நிப்பாட்டி அண்ணன் மட்டும் எப்போது போனாலும் காருக்கு அடியில் விழித்துக்கொண்டு கிடப்பார். கால் இரண்டும்தான் வெளியே தெரியும். அந்தக் கால்களிடம்தான் நான் பேச்சுவார்த்தை நடத்தி வாடகை பேசினேன். ஒரு மனிதனுடைய முகத்தைப் பார்க்காமல் ஒப்பந்தம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் இடது தோள்பட்டை இன்றைக்கும் சாட்சி.

பெயர் வந்த கதை சுருக்கம். கார் கொஞ்சம் வேகம் பிடித்து, உட்கார்ந்திருப்பவருக்கும் அப்பாடா என்று கண் சொருகுகிற நேரம் பார்த்து, “ஒரு நிமிசம் தம்பி, நிப்பாட்டிப் பாப்போம்” என்பார். சொல்லி முடிப்பதற்குள் மிதித்துவிடுவார். நெற்றி முன்னால் போய் இடிக்கும், முதுகுப்பக்கம் யாரோ சந்தைக்கு ஏற்றிவிட்ட முட்டைக்கோவா மூட்டை தோளுக்கு வரும். இறங்கிப்போய் ரோட்டில் சக்கரம் இழுத்த தடத்தைக் குனிந்து பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். மறுபடி ஏறுவார். அடுத்த வளைவில் மறுபடி நிப்பாட்டிப் பார்ப்போம்.

அது யுத்தத்துக்கு முன்னால் வந்த சின்னக் கார். ஏதோ ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது கழித்துவிட்டுப் போனது. எந்தக் கம்பெனிக் கார் என்று இங்கே எழுதினால் கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், ஏனென்றால் அவர்கள் செய்த சாமான் அதில் அதிகம் மிச்சமிருக்கவில்லை. அந்தக் காலத்துச் சின்னக் கார்களுக்குக் கம்பி பிரேக். காலால் மிதித்தால் ஒரு கம்பி இழுபடும், அது நாலு சக்கரத்தையும் பிடிக்கவேண்டும். சீமையில் பிடித்திருக்கும். அங்கே ரோடு தட்டையாக இருக்குமாம். இங்கே டிக்கோயா இறக்கத்தில் மிதித்தால், யோசித்துச் சொல்கிறேன் என்பது மாதிரி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இவ்வளவு பிரேக் பைத்தியம் ஒரு மனிதனுக்கு எதற்கு என்று ஊரே கேட்டது. காரணம் அவர் மனைவி பேச்சாயி அண்ணி.

கல்யாணத்தன்று மாரியம்மன் கோவிலில் தாலி கட்டி முடித்து, மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையே பெண்ணைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்திருக்கிறார். மேட்டில் யாரோ ஆரத்தித் தட்டோடு கைகாட்ட, நிறுத்தியிருக்கிறார். கார் நிற்கவில்லை. ஜோடியை ஏற்றிக்கொண்டு பின்பக்கமாகவே ஊர்வலம் போய், ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தது. பேச்சாயி அண்ணி கூறைச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாராம். அன்றைக்கு இறங்கியவர்தான், அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறவேயில்லை.

கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு நடப்பார். ஹட்டன் சந்தைக்கு நடப்பார். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு மட்டும் பஸ். அதுதான் நிப்பாட்டி அண்ணனைக் கொன்றது. ஸ்டேஷன் வாசலில் கார் வரிசையில் இவர் நிற்க, எதிரே பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் மனைவி உட்கார்ந்து தலையைத் திருப்பிக்கொள்வார். மற்ற கார்க்காரர்கள் இருமுவார்கள்.

“ஹயரிங் காரன் பொஞ்சாதி பஸ்ல போறா தம்பி. நா செத்தாத்தான் என்ன” என்று என்னிடம் சொல்லுவார். சொல்லிவிட்டு அந்த பஸ்ஸின் பின்னாலேயே மஸ்கெலியா வரைக்கும் வெறுங்காரை ஓட்டிக்கொண்டு போவார். இது என் தொழிலுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களில் பேப்பர் எல்லாம் மத்தியானம்தான் போய்ச் சேரும்.

முதலில் ஒரு ஜீப் கிடைத்தது. பட்டாளத்தார் விட்டுப்போனது, எங்கோ பள்ளத்தில் விழுந்து கிடந்தது. ஜீப்புக்கு ஒயில் பிரேக். மிதித்தால் ஒயில் குழாய் வழியே தள்ளிக்கொண்டு போய்ப் பிடிக்கும், கம்பியெல்லாம் கிடையாது. அதன் முன்சக்கரப் பிரேக்கைக் கழற்றி, அறுத்து, ராவி, ஒட்டவைத்து, தன் காரின் முன்பக்கத்தில் மாட்டிவிட்டார். வலதுபக்கத்து டிரம் மட்டும் வெடித்திருந்தது. அதனாலென்ன என்று, ஓடாமல் கிடந்த, பாண் விற்கிற பேக்கரி வேன் ஒன்றில் இருந்து வலதுபக்கத்தை எடுத்துக்கொண்டார். இடதுபக்கம் ஜீப், வலதுபக்கம் பாண் வேன். பின்னால் இரண்டும் பழைய கம்பி.

இப்போது கார் நின்றது. ஆனால் இடதுபக்கமாக நின்றது. ஜீப் சக்கரம் கடித்துப் பிடிக்கும், பாண் வேன் சக்கரம் மரியாதைக்குப் பிடிக்கும். மிதித்தவுடன் முழுக் காரும் இடதுபக்கம் திரும்பிக் கும்பிடு போடும்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். இடதுபக்கம் மலை இருந்தால் வருவார், பள்ளம் இருந்தால் வரமாட்டார். ஹட்டனில் வேறு கார்க்காரர்கள் “எங்க போகணும்?” என்று கேட்பார்கள். இவர் “பள்ளம் எந்தப் பக்கம்?” என்று கேட்பார். மஸ்கெலியாவுக்கு நோர்வூட் வழியாகப் போனால், வந்த வழியே திரும்பமாட்டார். போகும்போது இடதில் இருந்த மலை வரும்போது வலதுக்குப் போய்விடுகிறதாம். அதனால் நோட்டன்பிரிட்ஜ் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு வருவோம். அந்த வழியிலும் மலை இடம் மாறி மாறித்தான் நின்றது. அதைச் சொல்ல எனக்குச் சக்தி இல்லை.

ஒருநாள் தோட்டத்தில் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா அவசரத்துக்கு ஏறிக்கொண்டார். குறுக்கே ஒரு ஆடு. கார் இடதுபக்கம் பாய்ந்து ஒரு வரிசைத் தேயிலைச் செடியைச் சிரைத்துக்கொண்டு போய் நின்றது. கண்டாக்கு ஐயா தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, செடிகளைப் பார்த்தார்.

“இந்த மலைக்குக் கவாத்து அடுத்த வருசம்தான்டா. நீ இப்பவே வெட்டிட்டியே” என்றார்.

“நின்னுச்சுங்களாய்யா, இல்லீங்களா? அதச் சொல்லுங்க” என்றார் நிப்பாட்டி அண்ணன்.

பின்சக்கரங்களுக்கு வருகிறேன். அதுதான் என் சோகம். கால் மிதியில் முன்பக்க ஒயில் பிரேக்கை மாட்டிவிட்டதால், பின்பக்கக் கம்பியைக் கை லீவரில் கட்டிவிட்டார். அவருக்கு ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில். மூன்றாவது கைக்கு எங்கே போவார்? பக்கத்தில் நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன்.

“இழுங்க தம்பி” என்பார். இழுப்பேன். “விடுங்க” என்பார். விடுவேன். பேப்பர் படிக்கலாம் என்று விரித்தால் “இழுங்க.” மழைக்காலம் முழுவதும், பனிக்காலம் முழுவதும், அந்தக் காரின் பின் பிரேக் நான்தான். வீட்டில் தூக்கத்தில்கூட எதையோ பிடித்து இழுப்பேன் என்று சொன்னார்கள். பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் அடைந்த முன்னேற்றம் இது.

ஒயில் இன்னொரு பாடு. டின்னில் வருகிற சீமை பிரேக் ஒயில் ஹட்டனில் அகப்படாது. விளக்கெண்ணெயில் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்தால் அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று யாரோ பட்டாள மெக்கானிக் இவருக்குச் சொல்லியிருந்தான். விளக்கெண்ணெய் எங்கே இருக்கும்? தோட்டத்து டிஸ்பென்சரியில். அங்கே இருந்த டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர்.

“போன கிழமையும் ஒரு போத்தல் கொண்டு போனீர். ஆருக்கப்பா இப்பிடி வயிறு இறுகிக் கிடக்கு?” என்று கேட்டார்.

“காருக்குங்கய்யா.”

டிஸ்பென்சர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு போத்தலை நிரப்பிக் கொடுத்தார். அடுத்த கிழமை வழியில் கண்டபோது அக்கறையாக விசாரித்தார்.

“இப்ப எப்பிடி, ஒழுங்காய்ப் போகுதோ?”

“நிக்குதுங்கய்யா.”

“அப்ப இன்னும் ஒரு போத்தல் தாறன்” என்றார் அவர்.

இப்படியே காலம் போய்க்கொண்டிருந்தபோது, கொட்டகலையில் ரோடு போடுகிற கொந்தராத்துக்காரர் ஒருவர் தன் பழைய ஜீப்பை உடைக்கப்போகிறார் என்று செய்தி வந்தது. நிப்பாட்டி அண்ணன் ஓடினார். இந்தத் தடவை முன்னும் பின்னும் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஜீப்பின் பிரேக். மாட்டி முடித்த அன்று ஸ்டேஷன் ரோட்டில் “நிப்பாட்டிப் பாப்போம்” என்றார். மிதித்தார். கார் நேராக நின்றது. கம்பு நட்டது மாதிரி நின்றது. நான் பழக்கத்தில் லீவரைத் தேடினேன். லீவருக்கு வேலை இல்லை. எனக்கு விடுதலை. அழலாம்போல இருந்தது.

அவர் ரோட்டில் குனிந்து தடத்தைப் பார்த்தார். அன்றைக்கு உதட்டைப் பிதுக்கவில்லை. நேரே லயத்துக்கு விட்டார். அந்தக் கிழமை பேச்சாயி அண்ணியின் அக்கா மகள் பெரியவளானதற்குச் சடங்கு. சின்னம்மா முறைக்கு அண்ணி சீர்த்தட்டோடு போகவேண்டும். பஸ்ஸிலா, காரிலா என்பதுதான் கேள்வி.

லயத்தில் தன் வீட்டுக் காம்பரா வாசலில் காரை நிறுத்திக் காட்டினார். தள்ளிப் பார்க்கச் சொன்னார். லயத்து ஆண்கள் சேர்ந்து தள்ளினார்கள். அசையவில்லை. பேச்சாயி அண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு மூக்கைச் சுளித்தார்.

“நிக்கிது, சரி. இந்த வெளக்கெண்ண நாத்தத்தோட சடங்கு வீட்டு வாசல்ல போய் எறங்குனா எங்கக்கா என்னா நெனைக்கும்?”

அவ்வளவுதான். ஏறமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நாற்றம் என்று மட்டும்தான் சொன்னார். நிப்பாட்டி அண்ணனுக்கு அது போதும். விளக்கெண்ணெய் முழுவதையும் இறக்கிக் கழுவி, தேயிலைப் பெக்டரியில் கெஞ்சி வாங்கிய முதல் தரமான மிஷின் ஒயிலை ஊற்றினார். தேன் நிறம், வாசமே இல்லை.

சடங்கன்று பேச்சாயி அண்ணி காரில் ஏறினார். நான் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். மடியில் சீர்த்தட்டு, ஒரு கை கதவை இறுக்கிப் பிடித்தபடி. நான் பின்னால் பேப்பர்க் கட்டுக்கும் வாழைக்குலைக்கும் நடுவில். ஸ்டேஷன் வாசல் வழியாகத்தான் போகவேண்டும் என்றில்லை. ஆனாலும் அண்ணன் அந்த வழியாகத்தான் விட்டார். இரண்டு தரம் விட்டார். யாரும் இருமவில்லை.

டிக்கோயா தாண்டியதும், “நிப்பாட்டிக் காட்டவா?” என்றார்.

“காட்டுங்க.”

நின்றது. நேராக நின்றது. அவருக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் காட்டினார். காட்டக் காட்டக் கார் சுணங்கியது. எஞ்சின் முக்கியது. ஏதோ தீய்கிற வாடை வந்தது. நோர்வூட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு செங்குத்தான ஏற்றத்தில், அவர் மிதிக்காமலே, கார் தானாக நின்றுவிட்டது.

“எதுக்கு இங்க நிப்பாட்டினீங்க?” என்று அண்ணி கேட்டார்.

“நா நிப்பாட்டல. காலு கீழ இருக்கு பாரு. அதுவா நின்னுருச்சு.”

அண்ணி குனிந்து அவருடைய காலைப் பார்த்தார். திரும்பிப் பின்கண்ணாடி வழியாக இறக்கத்தைப் பார்த்தார்.

“பின்னால போகாதா?”

“போகாது. முன்னாலயும் போகாது.”

அண்ணி கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தார். சீர்த்தட்டை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “நல்லாத்தான் பண்ணி இருக்கீங்க” என்றார். நிப்பாட்டி அண்ணன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

என்ன நடந்தது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. பிரேக்குக்குள் இருக்கிற ரப்பருக்கு மிஷின் ஒயில் ஆகாது, ஊதிவிடும். ஊதிய ரப்பர் பிடித்த பிடியை விடாது. வழியும் அவருக்குத் தெரியும். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் ஒயில் பீச்சிக்கொண்டு வரும், பிரேக் விட்டுவிடும். அவர் அப்படிச் செய்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும்.

“ஸ்பேனர் கொண்டாரலையே தம்பி” என்றார், என் பக்கம் திரும்பாமல். “நோர்வூட்டு கராஜுல கேட்டு வாங்கிட்டு வர்றீங்களா?”

“மெதுவாவே போய்ட்டு வாங்க தம்பி. சடங்கு பொழுது சாயத்தான்” என்றார் அண்ணி.

ஸ்பேனர் என் காலடியில் கிடந்தது. அதைச் செருப்பால் சீட்டுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, பேப்பர்க் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.