மாப்பிள்ளை வீட்டுக் கிடுக்கி

புந்தோங், ஈப்போ.

தெலுக் இந்தானில் வாழும் என் மதிப்பிற்குரிய அக்கா முத்தம்மா அவர்களுக்கு, தம்பி சதாசிவம் கைகூப்பி எழுதிக்கொள்வது. நான், புனிதா, மகள் தினேஸ்வரி மூவரும் உடம்பளவில் சுகம். உங்கள் முழங்கால் வலியும் மச்சானின் சர்க்கரையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸாப்பில் எழுதினால் தவறிப்போய்க் குடும்பக் குழுவுக்குப் போய்விடுகிறது. போன தடவை என் மூல வியாதியைச் சிலிம் ரிவர்க்காரர்கள் வரைக்கும் விசாரித்தார்கள். ஆகவே கடிதம்.

அக்கா, நீங்கள் தேடிக் கொண்டுவந்த லூமுட் சம்பந்தம் வேண்டாம். பதறாதீர்கள், காரணம் இருக்கிறது. போன வாரம் எங்களை விருந்துக்கு அழைத்தார்கள். பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு நானும் புனிதாவும் போனோம். பையன் பவித்ரன் நல்லவனாகத்தான் தெரிந்தான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் காலத்தில் எந்தப் பையன் மாமனார் செருப்பைத் திருப்பி வைக்கிறான்? சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனால், சுவர் முழுக்கப் பழைய இரும்பு. "பழைய எஸ்டேட் சாமான் மாமா, சேர்த்து வைக்கிறேன்," என்றான். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி எனக்குத் தெரியும், புல்வெட்டியும் தெரியும். நடுவில் ஒன்று தொங்கியது. முழ நீளத்துக்கு இரண்டு பிடி, முனையில் தவளை வாய் மாதிரி மொண்ணைத் தாடை. "இது என்னப்பா?" என்றேன். "சரியாத் தெரியல மாமா," என்று பேச்சை மாற்றிவிட்டான். தெரியாத சாமானை எவனாவது எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பானா?

கிளம்பும்போது அதைப் புனிதாவின் பைக்குள், அவர்கள் கொடுத்த வாழைப்பழச் சீப்புக்கு அடியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டு என்று சொல்லாதீர்கள். பெண்ணைப் பெற்றவனின் விசாரணை.

இரும்புக்கடைச் சீனக் கிழவர் அதில் கம்பியை வைத்து அழுத்தினார். வளைந்தது, அறுபடவில்லை. "இது பூட்டு உடைக்கிறது. நீ எங்க எடுத்த?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். கோயில் செயலாளர் தர்மேந்திரனிடம் கொண்டுபோனேன். "அண்ணே, இது யானைக்குப் பல் பிடுங்குறது லா," என்றார். "எஸ்டேட்ல ஏதுய்யா யானை?" என்றேன். "அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு," என்றார். கடைசியில் மிருக டாக்டர் கிருஷாந்தியிடம் போனேன். அந்தப் பெண் பார்த்த உடனே, "அங்கிள், மாடு எங்க?" என்றாள்.

"எந்த மாடு?"

"இது காளைக்குக் காயடிக்கிற கிடுக்கி அங்கிள். தோல் கிழியாம உள்ள நசுக்கிடும். அந்தக் காலத்துல வண்டி மாட்டுக்கு வச்சிருப்பாங்க."

நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன் அக்கா. மாடே இல்லாத வீட்டில், கல்யாண வயதுப் பையனுக்கு இது எதற்கு? யாரை அடக்க? மாமனாரையா?

யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், பையனின் அம்மா புனிதாவுக்கு போன் போட்டிருக்கிறார். "சம்பந்தி, எங்க வீட்டு நண்டு உடைக்கிற கிடுக்கியக் காணோம் லா. உங்க பைக்குள்ள ஏதும் விழுந்துருச்சா, கொஞ்சம் பாருங்க."

அன்று நான் நண்டை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் அக்கா. இதற்கு மேல் எழுத முடியவில்லை. என் பெயர் வராமல், சாதகம் பொருந்தவில்லை என்று நாசூக்காகச் சொல்லிவிடுங்கள். மச்சானுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். மாரியாத்தா உங்கள் வீட்டு வாசலை விட்டு நகராமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
சதாசிவம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தினேஸ்வரி வந்தாள். மேசைமேல் இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது எப்படிப்பா இங்க வந்துச்சு? பவி பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது! சந்தையில நண்டு உடைக்கிறதுன்னுதானே சொல்லி வித்தாங்க!" என்றாள். எந்தப் பிறந்தநாள் என்று கேட்டேன். "போன வருஷம்," என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் அவன் படத்தை எங்களிடம் காட்டியது இந்தத் தைப்பூசத்துக்குப் பிறகுதான். மிரட்டிக் கேட்டதில், "அத்தைக்கு எல்லாம் தெரியும்பா. 'உங்கப்பன் சந்தேகப் பேர்வழி, நானே தேடிப் பிடிச்ச மாதிரி அவனைக் கொண்டு வாரேன்'னு சொன்னாங்க," என்றாள். அக்கா, மேலே எழுதியது எதுவும் செல்லாது. கிடுக்கியைக் கழுவி எடுத்துக்கொண்டு நானே லூமுட் போய், நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டு வருகிறேன். நீங்கள் அவசியம் வரவேண்டும். முன்வரிசையில், என் பக்கத்தில் உட்காரவேண்டும்.