பெரியவர் உட்கார்ந்த இடம்

தொட்டிலில் பூனை குட்டி போட்டிருந்தது.

"எத்தனை?" என்று கேட்டாள் தொல்லியல் துறைக் காப்பாளர். அதைவிட முக்கியமான கேள்விகள் இருந்தன. ஆனால் காலையிலேயே களைத்துப் போகிறவர்களுக்கு இந்த மாதிரிக் கேள்விதான் முதலில் வாயில் வரும்.

"மூணு தெரியுது மேடம். தாய்க்கு அடியில இன்னொண்ணு இருந்தாலும் இருக்கும்," என்றார் காவலாளி. ஏதோ அவரே பெற்றது போல ஒரு பெருமை குரலில் தெரிந்தது.

தொட்டில் என்றால் மரத்தொட்டில் இல்லை. அந்தத் தகரக் கொட்டகைக்குள் இருந்தது வெறும் மண் தரை. கற்காலத்தில் வேட்டையாடிப் பிழைத்த ஒரு குடும்பம் அங்கே தங்கி, தீ மூட்டி, எலும்பைக் கடித்துப் போட்டு, கல்லைத் தட்டி ஆயுதம் செய்துவிட்டு, ஒருநாள் எழுந்து போய்விட்டது. போட்டது போட்டபடி கிடந்தது. தோண்டியவர்கள் ஒன்றையும் எடுக்காமல் அப்படியே விட்டு, மேலே கூரை போட்டு, சுற்றிக் கம்பி கட்டிவிட்டார்கள். நடுவில் கருகிய அடுப்புக் கற்கள், பின்னால் எலும்புகள், சுற்றிலும் சிதறிய கல் சில்லுகள். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர், "இதுக்கா டிக்கெட்டு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஆனால் எது எங்கே கிடக்கிறது என்பதுதான் இதில் சங்கதியே. சின்னச் சில்லு விழுந்த இடத்திலேயே கிடக்கும். பெரிய எலும்பை முதுகுக்குப் பின்னால் வீசுவார்கள். ஒன்றுமே கிடக்காத இடத்தில் யாரோ படுத்திருப்பார்கள். தரையைத் தோண்டிய பேராசிரியர் வரைந்த வரைபடங்களைக் கரையான் தின்றுவிட்டது. பேராசிரியரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பின் வேலைக்கு வந்த இவள்தான் பலகையில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு சில்லாக அளந்து, புதிதாக வரைந்தாள்.

வரைந்து முடித்தபோது ஓர் ஆள் கிடைத்தார். சில்லுகள் எல்லாம் ஒரே பக்கமாக விசிறி போல விழுந்திருந்தன. அடுப்பருகே உட்கார்ந்தவர் இடது கைப் பழக்கம் உள்ளவர் என்று அவள் எழுதினாள். அவருக்குப் பக்கத்தில், குழந்தை அளவுக்கு ஓர் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. ஒரு சில்லுகூட அதில் விழாதபடி பார்த்துக்கொண்டே அவர் வேலை செய்திருக்கிறார். 'கற்காலத் தொட்டில்' என்று கட்டுரைக்குப் பெயர் வைத்தாள்.

காவலாளி அந்த ஆளைப் 'பெரியவர்' என்பார். நாளடைவில் அவளும் அப்படியே சொல்லத் தொடங்கினாள். கணவரோடு பேசியதைவிடப் பெரியவரோடுதான் அதிகம் பேசியிருக்கிறாள். அவர் குறுக்கே பேசமாட்டார்.

கணவரும் மகளும் நகரத்தில் இருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்துப் போவாள். திங்கட்கிழமை காலை தூங்கி வழிந்துகொண்டு திரும்புவாள். திங்கட்கிழமைகளில் சில்லுகள் இடம் மாறியது போலத் தோன்றும். பயணக் களைப்பு என்று நினைத்து இரண்டு தடவை மூக்குக் கண்ணாடியை மாற்றியாகிவிட்டது.

இன்று தலைமை அலுவலகத்திலிருந்து நிபுணர் வருகிறார். கட்டுரையில் உள்ளது தரையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் அவளை நகரத்துக்கு எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் இந்தக் கொட்டகையேதான், ஓய்வு பெறும் வரை.

கைப்பேசி அடித்தது. மகள்.

"அம்மா, அந்த மாமா வந்துட்டாரா?"

"இன்னும் இல்லடா."

"இந்தத் தடவையாவது வந்துடுவியா? போன தடவையும் வந்துடுவேன்னுதான் சொன்னே."

"வந்துடுவேன்டா."

"பொய் சொன்னா நான் பேசமாட்டேன்," என்று சொல்லிவிட்டு மகள் வைத்துவிட்டாள். பெரியவர் காலத்தில் பிள்ளையைப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். முன்னேற்றம் என்று எதைச் சொல்கிறார்களோ தெரியவில்லை.

துப்புரவு அக்கா இடது கையில் துடைப்பமும் வலது கையில் வாளியுமாக வந்து எட்டிப் பார்த்தார். கொட்டகையில் எல்லாருக்கும் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர் அவர்தான்.

"அட, நம்ம பூனை!"

"நம்மதா? நமக்கேதுக்கா பூனை?"

"இல்லம்மா... சும்மா, வரப்போக இருக்கும்," என்று அக்கா துடைப்பத்தைப் பார்த்தார். "நான் வேணா எறங்கி..."

"யாரும் இறங்கக் கூடாது. ஒரு சில்லு நகர்ந்தாலும் என் கதை முடிஞ்சுது."

"பால் வெச்சா தானா வந்துடும் மேடம்," என்றார் காவலாளி. பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கவலையே அவருக்கு இருந்ததில்லை. ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி, கம்பின் நுனியில் கட்டி நீட்டினார். கிண்ணம் தரையில் தட்டிச் சாய்ந்தது. பால் முழுவதும் கற்கால அடுப்பைப் பார்த்து ஓடியது. பூனை படுத்தபடியே, எட்டினதை மட்டும் நக்கிக்கொண்டது.

"ஐயோ, சாம்பல்! துணி குடுங்க, துணி!"

அவள் பலகையைக் குறுக்கே போட்டுக் குப்புறப் படுத்து, துணியால் பாலை ஒற்றி எடுத்தாள். கை எட்டிய தூரத்தில் குட்டிகள் இருந்தன. வந்தது வந்தோம், இதையும் முடித்துவிடலாம் என்று ஒரு குட்டியைத் தொட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான். தாய்ப்பூனை அவள் முதுகில் ஏறி, தலைவழியாகக் குதித்து, அடுப்பை இரண்டு சுற்று சுற்றியது. சில்லுகள் நாலாபக்கமும் பறந்தன.

"விடாதீங்க மேடம், நான் புடிக்கிறேன்!" என்று காவலாளி கம்பியைத் தாண்டிக் குதித்தார். பூனை தப்பிவிட்டது. அவர் தப்பவில்லை. எலும்புகளுக்கு நடுவே, பூட்ஸ் தடம் ஒன்று ஆழமாகப் பதிந்தது.

"யோவ்! கற்காலத்துல பூட்ஸ் இருந்துச்சுன்னு எழுதச் சொல்றியா?"

"ஈரமா இருக்கறதாலதான் மேடம் பதியுது. காஞ்சா உதுந்துடும்." சொல்லி முடிப்பதற்குள், டிக்கெட் அறையில் இருந்த நிற்கும் மின்விசிறியைத் தூக்கி வந்து, முழு வேகத்தில் சுழல விட்டார்.

ஈரம் காய்ந்தது உண்மைதான். கூடவே சாம்பல் எழுந்து கூரை வரை போனது. சின்னச் சில்லுகள் எல்லாம் உருண்டு, பேசி வைத்தது போல ஒரு மூலையில் ஒதுங்கின. அவள் விசிறியை நிறுத்தச் சொல்லிக் கத்தியபோது பெரியவர் இருந்த இடமே தெரியவில்லை. அடுப்புக் கற்களைத் தவிர ஒன்றும் தன் இடத்தில் இல்லை.

பிறகு அவள் ஞாபகத்திலிருந்து அடுக்கப் பார்த்தாள். வரைபடத்தின் கடைசிப் பிரதியும் நிபுணரின் பையில் இருந்தது. வருடக்கணக்காகப் பார்த்த தரைதான். ஆனாலும் ஒவ்வொரு சில்லாக வைத்து எழுந்து பார்த்தால், கடையில் வளையல் அடுக்கியது போல வரிசையாக இருந்தது. கலைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இப்போது கோலம் மாதிரி இருந்தது. மனிதர் உட்கார்ந்து எழுந்த இடம் மாதிரி மட்டும் வரவில்லை.

"அம்மா, நீங்க எழுந்திருங்க. நான் பாத்துக்கறேன்," என்றார் துப்புரவு அக்கா.

"நீங்க என்னத்தப் பாத்துப்பீங்க? கூட்டிப் பெருக்கற வேலையா இது? தயவுசெஞ்சு தொடாதீங்கக்கா."

வெளியே கார் ஹாரன் கேட்டது.

அவள் புடவையில் ஒட்டிய சாம்பலைத் தட்டினாள். அழவும் தெம்பில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

நிபுணர் நல்ல மனிதர்தான். ஆனால் மூச்சு விடாமல் பேசுகிற மனிதர்.

"சார், உள்ளே போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..."

"முதல்ல டீ! இந்த ரோடு இருக்கே, அதுவே கற்காலத்து ரோடு."

"சார், காலையில ஒரு பூனை..."

"பூனையா? எங்க வீட்லயும் இருக்கு. என் மனைவிக்கு என்னைவிட அதுமேலதான் பிரியம்." பூனை, மனைவி, முழங்கால் வலி, போன மாநாடு என்று டீ ஆறும் வரை பேசினார். அவள் வாயைத் திறந்த போதெல்லாம் புதிதாக ஒரு கதை வந்தது. கடைசியில் பையிலிருந்து வரைபடத்தை உருவிக்கொண்டு அவரே எழுந்து உள்ளே நடந்தார். தூக்குமேடைக்குப் போகிறவள் மாதிரி அவள் பின்னால் போனாள்.

கம்பி அருகே நிபுணர் நின்றார். அவர் பேச்சு நின்றது.

அவள் தலையை உயர்த்திப் பார்த்தாள். தரை, பழையபடி இருந்தது. அடுப்பைச் சுற்றிச் சில்லுகள் விசிறி போல விழுந்திருந்தன. எலும்புகள் பின்னால் கிடந்தன. பூட்ஸ் தடம் இல்லை, பூனை இல்லை, பால் இல்லை. தொட்டில் இருந்த இடம் சுத்தமாக இருந்தது.

நிபுணர் வரைபடத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார்.

"உங்க கட்டுரையை நான் நம்பலைம்மா. இடது கையாம், தொட்டிலாம், சும்மா கதை விடறாங்கன்னு நினைச்சேன்," என்றார். "அப்படியே இருக்காரே! வீசின கையே கண்ணுக்குத் தெரியுதே! பக்கத்துல ஒரு உசுரு தூங்குதுன்னு எவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்டிருக்காரு. மனுஷன் பொய் சொல்லுவான், தரை சொல்லாதும்மா."

அங்கேயே கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே நகரத்துக்கு வந்துவிடலாம் என்றார். போகும்போது தரையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்.

கார் மறைந்ததும் அவள் மகளைக் கூப்பிட்டாள். "வந்துட்டேன்டா. நிஜமாவே வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்தப் பக்கம் மகள் கூச்சல் போட்டது காவலாளிக்கும் கேட்டது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கண்ணைத் துடைத்த பிறகுதான் அவளுக்கு யோசனை ஓடியது.

"யாருப்பா இதைச் சரி பண்ணினது?"

காவலாளி மூலையைக் காட்டினார். துப்புரவு அக்கா கவிழ்த்துப் போட்ட முறத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். வாளிக்குள் பழைய துணி விரித்து நாலு குட்டிகளும் கிடந்தன. தாய்ப்பூனை அவர் மடியில் இருந்தது. தொடாதே என்று சொன்னதை மீறிவிட்ட பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

அவள் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க என் தெய்வம். என்னாலயே முடியலை. ஒரு டீ குடிக்கற நேரத்துல எப்படிக்கா பண்ணீங்க?"

"இதுல என்னம்மா இருக்கு?" என்றார் அக்கா, பயம் தெளிந்து, மடியில் இருந்த பூனையைத் தடவியபடி. "நீங்க ஊருக்குப் போற ஞாயித்துக்கிழமையெல்லாம் செய்யறதுதானே: எல்லாத்தையும் கூட்டி அள்ளி, அடுப்புகிட்ட உக்காந்து, இந்த இடது கையால வீசிடுவேன், இவ படுக்கற இடத்தை மட்டும் விட்டுட்டு."