என் சால்வையும் அக்போதாவின் அரசாங்கப் படிப்பும்

ஷிம்கென்ட்டில் குடித்தனம் நடத்தும் என் அன்பு அக்கா ஸௌலேவுக்குத் தங்கை பல்ஜான் சலாம் சொல்லி எழுதுவது. அத்தானும் இரட்டைப் பிள்ளைகளும் உன் மாமியாரின் முழங்காலும் நலமா? இங்கே அப்பா, அம்மா, மாடுகள் எல்லாம் நலம். நானும் நலம்தான். எனக்கு ஃபோனில் பேச வராது என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் கடிதம். எனக்கு யார் மேலும் பொறாமை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

முதல் விஷயம், பக்கத்து வீட்டுக் குல்பாஷ் அத்தையின் தோளில் கிடக்கும் சால்வை. ஆகஸ்ட் வெயிலில் பசு கறக்க வருகிறவள் வெள்ளைக் கம்பளிச் சால்வையா போடுவாள்? அது பெரியம்மாவின் பெட்டிக்குள் இருந்த சால்வை. நியாயமாக அது என்னுடையது. நல்ல சேதியை முதலில் கொண்டுவந்து ‘சூயின்ஷி’ கேட்கிறவளுக்குத்தானே பரிசு? சேதியை முதலில் பார்த்தவள் நான். பெரியப்பா மகள் அக்போதாவுக்கு அரசாங்கச் செலவில் படிக்க இடம் கிடைத்ததா என்று பட்டியல் வரும் நாள் அது. நம் ஊரில் வைக்கோல் போர் உச்சியில்தான் செல்ஃபோனுக்கு உயிர் வரும். போருக்குப் பக்கத்தில் நம் செவலைப் பசு கட்டியிருந்ததால் அக்போதா ஏறவில்லை, மாடு என்றால் அவளுக்கு அவ்வளவு பயம். என் கையில் ஃபோனைத் திணித்து, "நீ ஏறிப் பாருடி, நான் இங்கேயே துஆ பண்றேன்" என்றாள். ஏறினேன். அவள் பெயர் இருந்தது. இறங்கி வந்தால் துஆ பண்ணுகிறவளைக் காணோம், பசு தலையைத் திருப்பியதில் ஓடிப்போயிருந்தாள். நான் நேரே பெரியம்மா வாசலுக்குப் போய் நின்றேன். வாய் நிறையச் சேதி இருந்தது, வெளியே வரத்தான் இல்லை. பெரியம்மா மாவு பிசைந்துகொண்டே, "என்னடி கம்பம் மாதிரி நிக்கிற? வந்தது வந்துட்ட, இந்தச் சட்டியைப் பிடி" என்றாள். பிடித்தேன். அப்போது குல்பாஷ் அத்தை ஓடி வந்தாள். டவுனில் இருக்கும் அவள் கொழுந்தன் பட்டியலைப் பார்த்துவிட்டு, அவள் வீட்டுக் கம்பி ஃபோனுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். "சூயின்ஷி, ரௌஷான், சூயின்ஷி. உன் பொண்ணு படிப்புக்கு அரசாங்கம் பணம் கட்டுதாம்." பெரியம்மா அழுதாள், சிரித்தாள், பெட்டியைத் திறந்து சால்வையை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"தெரியும், பெரியம்மா."

"அப்ப ஏன் சொல்லலை?"

"கையில சட்டி இருந்துச்சு."

சால்வை போகட்டும். என்ன படிப்பு என்று கேள். கால்நடை மருத்துவம். விண்ணப்பத்தில் மொழி, சட்டம் என்று எழுதிவிட்டு, யாரும் கேட்காத படிப்பாக ஒன்று கடைசியில் இருக்கட்டும் என்று பெரியம்மா எழுதச் சொன்னது அது, அரசாங்கம் அதைப் பிடித்துக்கொண்டது. இனி மாட்டுக்குப் பயப்படுவதற்கு அக்போதாவுக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும், விடுதியில் கட்டில் வரும். நான் இலவசமாகவே மாடுகளோடு இருக்கிறேன். படிப்பு முடிந்ததும் கிராமத்துக்கு வந்து மூன்று வருஷம் வேலை செய்ய வேண்டுமாம். அதைக் கேட்டு அவள் அழுதாள், எல்லாரும் தேற்றினார்கள். நான் இந்தக் கிராமத்திலேயே பதினாறு வருஷமாக இருக்கிறேன், என்னை யாரும் தேற்றவில்லை.

விருந்துக்கு அறுத்தது நம் ஆடு. நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த, காது கிழிந்த ஆடு. "அண்ணன் பொண்ணு வேற, நம்ம பொண்ணு வேறயா?" என்று அப்பாதான் ஓட்டிக்கொண்டு போனார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது, நான் கேட்கவில்லை. ஆட்டுத்தலையை அறுத்துப் பங்கு வைத்த பெரியவர் பிள்ளைகளுக்குக் காதைக் கொடுத்துவிட்டு என்னைத் தேடிப்பிடித்து, "இந்தப் பொண்ணுக்கு நாக்குல ஒரு துண்டு குடுங்கப்பா, தின்னுட்டாவது ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வாய் நிறைய நாக்கை வைத்துக்கொண்டு நான் என்ன பேச? அதற்குள் வெளியே ஆட்டுடலைப் பறிக்கும் குதிரை விளையாட்டு தொடங்கிவிட்டது, கூட்டத்துக்கு நடுவே ஒரு குதிரை மேல் யார் என்று பார்த்தால் நம் அப்பா. குதிரையிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாரே, அவரால் குனிய முடியாது, ஒரு குளிர்காலம் மட்டும் வீட்டில் இரு என்றுதானே ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள்? அந்த இடுப்பு சேணத்திலிருந்து தரைவரை வளைந்து ஆட்டை அள்ளிக்கொண்டு போனது. ஊரே கைதட்டியது. அவர் இடுப்பு சரியாகிவிட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

பாத்திரம் கழுவும் இடத்துக்கு அக்போதா வந்தாள். "ஒன்பது முடிச்சவங்களுக்கும் அரசாங்கச் செலவுல காலேஜ் இருக்குடி. நான் போற ஊர்லயே இருக்கு. எழுதிப் போடு, எனக்கும் துணையா இருக்கும்" என்றாள். துணையாம். மாட்டை விரட்டிவிட ஆள் தேடுகிறாள். எனக்கு ஒன்றும் வேண்டாம், நான் இங்கே ராணி மாதிரி இருக்கிறேன் என்று சொல்லி அவள் கையில் ஒரு துடைப்புத் துணியைக் கொடுத்தேன்.

நீ அவளுக்குத் தோள்பை வாங்கி அனுப்பப் போவதாக அம்மா சொன்னாள். அனுப்பாதே. சால்வை, ஆடு எல்லாம் அந்தப் பக்கமே போய்விட்டது, பையாவது கடையிலேயே இருக்கட்டும். நான் எங்கும் போகப் போவதில்லை, எனக்கும் பை வேண்டாம்.

உன் அடுப்பில் தேநீர் ஆறாமல் இருக்கட்டும், பிள்ளைகளின் மூக்கு ஒழுகாமல் இருக்கட்டும், உன் மாமியார் நீண்ட நாள் வாழ்ந்து அடிக்கடி தன் மகள் வீட்டுக்குப் போகட்டும்.

என்றும் உன் தங்கை,
பல்ஜான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம். வேண்டாம் என்று சொன்ன மறுநாளே அக்போதாவின் ஃபோனை வாங்கிக்கொண்டு போர் மேல் ஏறி எழுதிப் போட்டிருந்தேன். நிலம் அளக்கும் படிப்பு, அதில் அதிகம் பேச வேண்டியிருக்காது. இன்று காலை அந்தப் பட்டியல் வந்தது. பையை இரண்டாக வாங்கு. அப்பாவுக்கு எதுவும் தெரியாது, லாயத்தில் குனிந்து குதிரையின் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். என் கையில் சட்டி எதுவும் இல்லை. வாசலில் போய் நின்று, குல்பாஷ் அத்தை வீடு வரை கேட்கும்படி, சூயின்ஷி என்று கத்தினேன்.