பத்து மார்க் கேள்வி

நீ நம்பலைன்னா போ. பெத்தவ நான் சொல்றேன், உனக்கு நம்பிக்கை வரல. "ஆபீஸுக்கு நாற்காலியிலேர்ந்து குண்டூசி வரைக்கும் பேரம் பேசி வாங்குறவரு, அவரா ஏமாந்தாரு?"ன்னு கேக்குறே. அவனேதாம்மா. பிரிண்டர் வாங்க என் மகன்கிட்ட யோசனை கேக்கணும்னு தேடி வந்தே பாரு, அதனாலதான் சொல்றேன். உக்காரு.

என் மருமக வீட்டுலயே கணக்கு டியூஷன் எடுக்கிறா, பக்கத்துல குடி வந்ததுலேர்ந்து நீயும் பாக்குறே. வாரா வாரம் பரீட்சை. கேள்வித்தாள் அடிக்கக் கடைக்கு அலைஞ்சு அலுத்துட்டா.

"ஏங்க, ஒரு பிரிண்டர் வாங்கலாம். எனக்குக் கலர் வேணாம், கருப்பு போதும். டோனர்னு பொடி மை போடுற மிஷின் வாங்குறப்பதான் விலை கூட. ஒருதடவை டோனர் போட்டா மாசக்கணக்குல ஓடும்."

"கொள்முதல் எனக்கே சொல்லித் தர்றியா?"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சான் பாரு! கடையிலயே மலிவான மிஷினைக் கக்கத்துல இடுக்கிட்டு வந்தான். கலர் கலரா தண்ணி மை போடுற மிஷின். பெட்டியைப் பிரிக்கிறதுக்குள்ள தெருவுல பாதிப் பேருக்கு விலையைச் சொல்லியாச்சு.

அவங்கப்பாவும் இப்படித்தான். மலிவா கிடைச்சுதுன்னு ஒரு டார்ச் லைட் வாங்கினாரு. என்ன அழகு, என்ன பளபளப்பு! அதுக்குப் பொருந்துற பேட்டரி மட்டும் எந்தக் கடையிலயும் இல்ல. கரண்ட் போனா மெழுகுவத்தியைப் பத்த வச்சு அந்த டார்ச்சைத் தேடுவாரு. எதுக்குத் தேடுவாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நல்ல மனுஷன். எங்க விட்டேன்? ஆங், மை.

மிஷினோட குடுத்த மை இருமல் மருந்து மூடி அளவுகூட இல்லம்மா. ரெண்டு பரீட்சைல காலி. புது மை விலை கேட்டான். மிஷின் விலைக்குப் பக்கத்துல நிக்குது! அதுலயும் பாரு, கருப்பு நெறையக் கெடக்கும், சிவப்பு தீர்ந்துடுச்சுன்னு அடிக்கமாட்டேன்னு மொரண்டு பிடிக்கும். கணக்குப் பாடத்துக்கு எதுக்கும்மா சிவப்பு?

"தெரியாம வாங்கிட்டேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். கௌரவம் விடுமா? மிஷினைத் தூக்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டான். என் சங்கிலி அரிசி டப்பாவுல கெடக்கு, பிரிண்டர் பீரோவுல! அவன் மட்டும்தான் எடுப்பான், அவன் மட்டும்தான் அடிப்பான். சும்மா கெடந்தா அதுக்கு மூக்கு அடைச்சுக்கும் போல. வெளியே எடுத்ததும் சுத்தம் பண்றேன்னு உர்ர் உர்ர்னு உறுமி, இருக்கிற மையில பாதியைத் தானே குடிச்சிடும்.

"மங்கலா அடிச்சா மை மிச்சம்மா"ன்னான் என்கிட்ட. எழுத்தையும் சுருக்கிட்டான். நானும் பெத்த பாசத்துல வாயைத் திறக்கல.

அந்த மங்கல்ல ஒரு நாள் மைனஸ் குறியெல்லாம் காணாமப் போச்சு. கழிக்க வேண்டியதைப் பிள்ளைங்க கூட்டி வச்சிருக்குங்க. ஒரு பிள்ளையோட அப்பா தாளைத் தூக்கிட்டு வந்துட்டாரு. பல் டாக்டர், சாது. சத்தம்கூடப் போடல. "டீச்சர், இன்னும் ரெண்டு வாரம் பாக்குறேன். அப்புறம் வேற டியூஷன்தான்"னாரு. அவரு போனா அவரு சொல்லி வந்த நாலு பிள்ளைங்களும் போகும். இவ காதெல்லாம் சிவந்து நிக்கிறா. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். என் பிள்ளை பண்ணின கூத்துக்கு எந்த மூஞ்சியோட வெளியே வர்றது?

மருமக சண்டை போடுவான்னு பாத்தேன். போடல. மறுநாள் சாயந்திரம் புதுக் கேள்வித்தாளை அவன்கிட்ட நீட்டினா.

"ஏங்க, கடைசிக் கேள்வி மட்டும் நல்லாக் கருப்பா, பெருசா அடிச்சுக் குடுங்க. பத்து மார்க். அதைப் பிள்ளைங்க வீட்டுல போட்டுட்டு வரணும்."

"சரி, அது ஒண்ணுதான்"னு பெரிய மனசு பண்ணினான். என்ன கேள்வின்னு படிச்சானா? அவன் கண்ணு மை அளவு மேலதானே!

என்ன கேள்வின்னு நான் சொல்லட்டுமா? 'ஒரு கணவர் மலிவாக ஒரு பிரிண்டர் வாங்கினார்'னு ஆரம்பிச்சு, மை விலை, எத்தனை தாள் வரும், சுத்தம் பண்றதுல எவ்வளவு வீணாகும், எல்லாம் போட்டு, பக்கத்துலயே டோனர் மிஷின் கணக்கும் போட்டு, 'ஒரு தாளுக்கு எதில் செலவு குறைவு? அந்தக் கணவர் செய்தது சரியா? காரணம் கூறுக. வீட்டில் பெரியவர்களின் உதவி பெறலாம்.'

போதுமா? அன்னிக்கு ராத்திரி எல்லா வீட்டுலயும் அப்பாவும் அம்மாவும் உக்காந்து என் பிள்ளை மானத்தைக் கணக்குப் போட்டிருக்காங்க.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தான். தலை நிமிரல, நடையில ஒரே வேகம். தெருமுனைத் தையல்காரர் கத்தரிக்கோலோட வெளியே வந்து, "சார், எங்க வீட்டுல 'சரியில்லை'ன்னு விடை வந்துச்சு. உங்க வீட்டுல?"ன்னு கேட்டாராம். பல் டாக்டர் ஸ்கூட்டரை நிறுத்தி, "காரணம் மூணு எழுதினோம், போதுமா?"ன்னாராம்.

"என்னைப் பத்தியா கேள்வி போட்டே?"ன்னு உள்ளே வந்ததும் கத்தினான்.

அவ நோட்டுத் திருத்திட்டிருந்தா. நிமிரக்கூட இல்ல. "ஒரு கணவர்னுதானே போட்டேன். நீங்களாங்க அது?"

மாட்டினான் பாரு! ஆமான்னா மானம் போச்சு. இல்லேன்னா...

"நான்... நான் இல்ல."

"நானும் அதானே நெனச்சேன். நீங்க எவ்வளவு வாங்கிப் பழகினவரு! அப்ப அந்த மனுஷன் இனிமே என்ன பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க. விடையில எழுதிடுறேன்."

வெறும் டம்ளரை எடுத்துத் தண்ணி இருக்கிற மாதிரி குடிச்சான். அப்புறம் மெல்ல, "டோனர் மிஷின் வாங்கணும்"னான்.

"எப்ப?"

"...நாளைக்கு."

அவ அதைச் சிவப்பு மையில எழுதி, பக்கத்துல ஒரு டிக் போட்டா.

நாளைக்குன்னு சொன்னது நேத்துதாம்மா. அதான் சொல்றேன், அவன்கிட்ட யோசனை கேக்காதே, மருமககிட்ட கேளு. ஏன் இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்குறே? கேட்டுக்கு வெளியே ஒரு பெரிய பெட்டி, அதுக்குக் கீழ ரெண்டு காலா? அவன்தான். நீ கிளம்பினதும் உள்ளே வரலாம்னு நிக்கிறான்.

டேய்! பெட்டிக்குப் பின்னால மூஞ்சியை மறைச்சது போதும், அதை உள்ளே கொண்டு வாடா! இவங்களுக்கும் விடை தெரிஞ்சு போச்சு!